இடது இடுப்புக்கான உறை

பிப்ரவரி 3, திங்கள்

துப்பாக்கி இன்றும் வரவில்லை.

வரவேண்டியது சுடுகிற துப்பாக்கி இல்லை. ஐரோப்பாவில் போலீஸ்காரர்கள் பயிற்சிக்கு வைத்திருக்கும் வகை. குண்டு போகாது, மற்றதெல்லாம் நிஜம்போலவே இருக்கும். பக்கவாட்டில் உள்ள பட்டனை அழுத்தினால், தோட்டாக்களை அடுக்கும் மேகசின் கைப்பிடிக்குள்ளிருந்து நழுவிக் கீழே விழும். நாங்கள் தைக்கும் உறைகளில் போட்டுப் பார்ப்பதற்காக பயர், அதாவது ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு நிறுவனம், அனுப்பிவைத்தது. சென்னை ஏர்போர்ட் கஸ்டம்ஸில் கிடக்கிறது. பெட்டியின்மேல் ‘பயிற்சிப் பிஸ்டல்’ என்று உண்மையை எழுதிவிட்டார்கள், அதுதான் வினை.

முஷ்தாக் சாரின் போனில் ஏஜென்ட் கத்தியது என் மேசைவரை கேட்டது. “லைசென்ஸ் கேக்குறாங்க சார். பொம்மைன்னு சொன்னேன். பொம்மைன்னா பொம்மைக்கு வேற சர்டிபிகேட்டாம்.”

முஷ்தாக் சார் எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர். போனை வைத்துவிட்டு யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: “துப்பாக்கின்னாலும் உடமாட்டான், பொம்மைன்னாலும் உடமாட்டான்.”

ஆம்பூரைச் சுற்றியுள்ள எல்லா ஃபேக்டரியும்போல இதுவும் ஷூ ஃபேக்டரியாக இருந்ததுதான். போன வருஷம் ஒரு பகுதியை உறைக்கு மாற்றினார்கள். எந்த நாட்டுப் போலீஸ் இடுப்பில் இது தொங்கப்போகிறது என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். லைனில் எல்லோரும் இதைத் ‘துப்பாக்கி ஷூ’ என்றுதான் சொல்கிறார்கள்.

நான் க்யூசி. தைத்து வந்த உறைக்குள் டம்மியை, துப்பாக்கி வடிவத்தில் வார்த்த கட்டையை, செருகி, உருவி, தையலைப் பார்த்து, சரியென்றால் உள்பக்கம் ஏழாம் நம்பர் முத்திரையைக் குத்தவேண்டும். என் முத்திரை எப்போதும் சாய்ந்தேதான் விழுகிறது. பேக்கிங்கில் இருக்கும் தில்ஷாத் அக்கா இன்றும் ஆரம்பித்தாள். “இன்னாடி எழிலு, உன் சீலு காலைலயே குடிச்சிட்டு வந்துடுச்சா?”

மாதக் கடைசியில் என் ப்ரொபேஷன் முடிகிறது. வேலை நிரந்தரமானதும் அம்மா நின்றுவிடுவதாகப் பேச்சு. பக்கத்து ஃபேக்டரியில் கறுப்புத் தோலில் கறுப்பு நூலால் தைக்கிறாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் எதிரில் இருப்பது நானா, வேறு யாராவதா என்று ஒரு கணம் கண்ணை இடுக்கிப் பார்க்கிறாள்.


பிப்ரவரி 5, புதன்

சாப்பாட்டு நேரத்தில் போனில் படித்துக்கொண்டிருந்தேன். பிரிட்டனில் பெரும்பாலான போலீஸ்காரர்களிடம் துப்பாக்கியே கிடையாதாம். அயர்லாந்தில் ரோந்து போகிறவர்கள் வெறுங்கையோடுதான் போகிறார்களாம். ஜெர்மனியில் ஒவ்வொரு மாநிலமும் தனக்குப் பிடித்த பிஸ்டலை வாங்கிக்கொள்கிறதாம். தோட்டா மட்டும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்பது மில்லிமீட்டர். சில நாடுகளில் போலீஸ் தோட்டா உடம்பில் பட்டதும் பூப்போல விரிந்துவிடும். விரியாவிட்டால் சுடப்பட்டவனைத் துளைத்துக்கொண்டு பின்னால் பால் வாங்கப் போகிறவர்மேல் படும் என்பதால் அப்படிச் செய்கிறார்களாம். இதை ஒரு கருணை என்று எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. தயிர்சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

தில்ஷாத் அக்காவிடம் வெறுங்கைப் போலீஸைப் பற்றிச் சொன்னேன். “அப்போ அந்த ஊருக்கு நாம இன்னாத்த விக்கிறது? விசிலுக்கு உறையா?” என்றாள்.

வரும்போது பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர் நான் நீட்டிய சில்லறையை வாங்காமல் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கை மாற்றிக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டார். “காலைல மொத டிரிப்பா இருந்தா எறக்கி உட்ருப்பேன்” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.


பிப்ரவரி 6, வியாழன்

கஸ்டம்ஸில் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். எந்தத் திங்கட்கிழமை என்று சொல்லவில்லை.


பிப்ரவரி 10, திங்கள்

இடது கைக்காரர்களுக்கான உறைகள் இன்று லைனில் ஏறின. ஆர்டரில் அது சின்னப் பகுதிதான், முந்நூற்றுச் சொச்சம்.

பேட்டர்ன் மாஸ்டர் கிருபாகரன் அண்ணன் வலது பேட்டர்னைத் திருப்பிப் போட்டு வெட்டக் கொடுத்துவிட்டார். ஷூவில் அப்படித்தான். வலதுகால் பேட்டர்னைக் கவிழ்த்தால் இடதுகால். லாஸ்ட் என்று சொல்லும் கால் அச்சும் அப்படியே ஜோடியாக வரும். அதே வழக்கத்தில் டம்மியையும் ஜோடியாக்கிவிட்டார். பயர் கொடுத்தது ஒரே ஒரு நீல டம்மி. அதைப் பார்த்து, வலதை இடதாக்கி, வெள்ளையில் ஒன்று தானே வார்த்தெடுத்திருக்கிறார். நீலத்தில் பட்டனுக்காக இடப்பக்கம் ஒரு சிறு மேடு இருக்கும். வெள்ளையில் அந்த மேடு வலப்பக்கம். வழுவழுவென்று அழகாகத்தான் இருக்கிறது. இடது உறையும் வெள்ளை டம்மியும் கைக்குள் கை போலப் பொருந்துகின்றன.

மதியம் வெள்ளை டம்மியை ஃபிட்டிங்குக்கு எடுத்துப் போய்விட்டார்கள். சும்மா இருக்கவேண்டாமே என்று நீலத்தை இடது உறைக்குள் செருகினேன். ஒரு சோதனைக்காகத்தான் இடுப்பில் மாட்டிப் பார்த்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. நான்கைந்து முறை உருவினேன். சுலபமாக, மிகச் சுலபமாக வந்தது.

உருவிய பிறகு நீலத்தைத் திருப்பிப் பார்த்தால் அந்த மேட்டின்மேல் பளபளப்பாக ஒரு தேய்மானம். உறையின் வெளிப்பக்கத் தோலின் உள்ளே அதே இடத்தில் ஒரு வடு.

வீட்டுக்கு வந்தும் அந்த வடுதான் கண்ணில் நிற்கிறது.


பிப்ரவரி 11, செவ்வாய்

எழுதிப் பார்த்தால் புரியும் என்று எழுதுகிறேன்.

மேகசினை விடுவிக்கிற பட்டன் துப்பாக்கியின் இடப்பக்கத்தில் இருக்கிறது. துப்பாக்கியை வலது இடுப்பில் மாட்டினால் அந்தப் பக்கம் உடம்பைப் பார்க்கும். அதனால் வலது உறையில், உடம்பை ஒட்டிய தோலில் பட்டனுக்காக ஒரு குழிவு அழுத்தியிருக்கிறோம். அதே துப்பாக்கியை இடது இடுப்பில் மாட்டினால் பட்டன் வெளியே பார்க்கும். பேட்டர்னைத் திருப்பியதால் குழிவு மட்டும் இன்னும் உடம்புப் பக்கமே இருக்கிறது. பட்டன் இருக்கும் வெளிப்பக்கத்தில் குழிவு இல்லை. கெட்டித் தோல்.

வெளியிலிருந்து ஏதாவது அழுத்தினால், ஒரு கார் சீட்டின் ஓரம், ஒரு கதவு, தோல் பட்டனை அழுத்தும். மேகசின் விடுபடும். உறைக்குள்ளே இருக்கும்வரை அவளுக்குத் தெரியாது. உருவும்போது கையோடு துப்பாக்கி வரும், மேகசின் காலடியில் விழும். துப்பாக்கிக் குழலில் ஒரு தோட்டா முன்பே ஏற்றி வைத்திருந்தால் அந்த ஒன்று மிஞ்சும்.

‘அவளுக்கு’ என்று ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. இந்த நோட்டின் பக்கங்களில் மட்டும் என் உள்ளங்கை ஓரம் பட்டு மை இழுபட்டுக் கிடக்கிறது. வேறெங்கும் அப்படி ஆவதில்லை.


பிப்ரவரி 12, புதன்

கிருபாகரன் அண்ணனிடம் சொன்னேன். அவர் வெட்டும் சத்தத்தில் இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது.

“நீ இன்னா படிச்சே?” என்றார்.

“பி.எஸ்ஸி. பிசிக்ஸ்ணா.”

“அதான். தாயி, லெப்ட்டு கைக்காரனுக்கு லெப்ட்டு துப்பாக்கி. லெப்ட்டு காலுக்கு லெப்ட்டு ஷூ. நீ ரைட்டு துப்பாக்கிய எடுத்தாந்து லெப்ட்டு உறைல போட்டுட்டு கடிக்குதுன்னா? மாத்திப் போட்ட செருப்பு கடிக்கத்தான் செய்யும்.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இடது துப்பாக்கி என்று ஒன்று உண்டா என்று எனக்கும் உறுதியாகத் தெரியாது. அதனால் வந்துவிட்டேன். வந்த பிறகுதான் பயர் ஒரே ஒரு டம்மி அனுப்பியது ஞாபகம் வந்தது. எனக்கு எல்லாப் பதிலும் படி இறங்கிய பிறகுதான் வருகிறது.

இரவு தேடினேன். இடது கைக்காரர்களுக்கென்று தனியாகச் செய்யும் பிஸ்டல் எங்கோ சில உண்டாம். இந்த மாடலில் அப்படி எதுவும் கண்ணில் படவில்லை. கண்ணில் படாதது இல்லை என்று ஆகிவிடுமா?


பிப்ரவரி 13, வியாழன்

முஷ்தாக் சாரிடம் போனேன். போனில் இருந்தார். நின்றேன். முடித்ததும் மறுபடி போன். நின்றேன்.

நீல டம்மியை இடது உறையில் போட்டு எடுத்துத் தேய்மானத்தைக் காட்டினேன்.

“உள்ள போச்சா?” என்றார்.

“போச்சு சார்.”

“வெளிய வந்துச்சா?”

“வந்துச்சு சார். ஆனா இதுல பட்டன் அமுங்காது, கெட்டியா இருக்கு. நெசத்துல...”

“நெசத்துல பாக்கத்தான் ஒண்ணு ஏர்போர்ட்ல கீது. போய் மீட்டுக்கினு வா.” சிரித்தார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். கெட்டவர் இல்லை. “இதோ பாரும்மா, லெப்ட்டு சாம்பிள் பயர்கிட்ட போயி, அப்ரூவ் ஆயி வந்தது. அவங்க பாக்காததையா நீ பாத்துட்ட?”

அவர்கள் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. அதை அவரிடம் கேட்கவில்லை.


பிப்ரவரி 14, வெள்ளி

பயருடன் வாராந்திர வீடியோ கால். அந்தப் பக்கம் இல்ஸெ என்ற பெண்மணி, முன்பு போலீஸில் இருந்தவராம், நரைத்த குட்டை முடி. நான் ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். கடைசியில் இல்ஸெ, வேறு யாருக்காவது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். முஷ்தாக் சார் மேசையைச் சுற்றிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். வாயைத் திறந்தேன். “நோ மேடம், ஆல் ஓகே” என்றார் அவர்.

வாய் திறந்தபடியே இருந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டேன், அதற்காகத்தான் திறந்தது போல.

மூன்று வருஷம் காலேஜில் கடைசிப் பெஞ்சில் இருந்து பதில் தெரிந்தும் சொல்லாமல் வந்ததுபோலவே இருந்தது. அங்கே என் மார்க் போனது. இங்கே நான் சொல்லாதது யாருடைய இடுப்பிலோ தொங்கப்போகிறது.


பிப்ரவரி 17, திங்கள்

இடது உறைகள் மேசையில் குவிந்திருக்கின்றன. என் மை டப்பா காய்ந்துவிட்டது. வலது உறைகளுக்கு மட்டும் போதுமான மை இருந்தது.


பிப்ரவரி 18, செவ்வாய்

ஸ்டோரில் புது மை கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் பார்த்தால் முத்திரையை டிபன் டப்பா பையில் தவறிப்போட்டு வீட்டுக்கே கொண்டுவந்திருக்கிறேன். ஞாபக மறதி.

அம்மா டப்பா கழுவும்போது எடுத்துப் பார்த்தாள். “இன்னாடி இது? வீட்லயும் சீல் குத்தப்போறியா?” என்று கேட்டுவிட்டு, கழுவித் துடைத்து சாமி மாடத்தில் வைத்தாள். நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டு அதற்கும் கொஞ்சம் வைத்தாள்.

“வர்ற மாசத்துலருந்து நான் மத்தியானம் தூங்கலாம்ல?” என்றாள்.

“தூங்கு” என்றேன்.


பிப்ரவரி 19, புதன்

காலையில் முஷ்தாக் சார் மேசைக்கே வந்தார். “சீல் எங்க?”

“வீட்ல சார்.”

“சீலுக்கு ஒடம்பு சரியில்லையா?” யாரும் சிரிக்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எழில், வெள்ளிக்கிழமை கன்டெய்னர் போவுது. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள லெப்ட்டு பீஸ் பூரா உன் சீல் இருக்கணும். உன் கன்ஃபர்மேஷன் பேப்பரும் எம்மேசைலதான் கீது, மறந்துடாத. உன்னால முடியலன்னா சொல்லு. பர்வீன் குத்துவா, அவ இன்னா ஏதுன்னு கேக்கமாட்டா.”

பர்வீன் பக்கத்து மேசை க்யூசி. குனிந்து ஒரு தையலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியென்றால் நான் குத்தாமல் இருப்பதால் எதுவும் நிற்கப்போவதில்லை. முத்திரையின் எண் மட்டும்தான் மாறும். மூன்று நாளாக மையையும் பையையும் காரணம் காட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது. எரிச்சலாக இருக்கிறது. வெட்கத்தைவிட எரிச்சல் நல்லது என்று தோன்றுகிறது. அதோடு எழுந்து நிற்க முடிகிறது.

நாளை காலை, கன்டெய்னர் போவதற்கு முன் கடைசி வீடியோ கால். இங்கிலீஷில் சொல்லவேண்டியதை நான்கு வரியில் எழுதி வைத்திருக்கிறேன். கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். அம்மா சமையல்கட்டிலிருந்து, “யார்ட்டடி சண்டை?” என்றாள்.


பிப்ரவரி 20, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வீடியோ காலுக்குப் போகும்போதே நீல டம்மியோடு இடது உறையை பெல்ட்டில் கோத்து சுடிதாரின்மேல் கட்டியிருந்தேன். துப்பட்டா மறைத்தது. மேசையில் முஷ்தாக் சார், கிருபாகரன் அண்ணன், டெஸ்பாட்ச் ஆள், ஓரத்தில் நான். கன்டெய்னர் நம்பர், பேக்கிங், எல்லாம் முடிந்தது. இல்ஸெ வழக்கம்போல, வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார்.

நான் எழுந்துவிட்டேன். எழுதி வைத்த நான்கு வரியும் மறந்துபோயின. என் இங்கிலீஷை இங்கே அப்படியே எழுதக் கூச்சமாக இருக்கிறது. இதுதான் அதன் பொருள்: மேடம், இடது சாம்பிள் உங்களிடம் இருக்கிறதா? அதைப் போட்டுப் பார்த்தீர்களா?

முஷ்தாக் சார் கை மைக் பட்டனை நோக்கிப் போனது. இல்ஸெ அதற்குள் பதில் சொல்லிவிட்டார். சாம்பிள் அலமாரியில் இருக்கிறது. நான் வலது கைக்காரி. வலதைத்தான் சோதித்தேன், இடது அதன் பிரதிதானே என்று ஒப்புதல் கொடுத்தேன். ஏன்?

ஏன் என்று சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. துப்பட்டாவை ஒதுக்கினேன். நீல டம்மியை உருவி, கேமரா அருகே கொண்டுபோய், பட்டன் மேட்டில் இருந்த தேய்மானத்தைக் காட்டினேன். மறுபடி செருகினேன். மறுபடி உருவினேன். எல்லோரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. அதை நான் நின்று பார்க்கவில்லை.

கஸ்டம்ஸில் கிடப்பதைப் போலவே இன்னொரு பயிற்சித் துப்பாக்கி இல்ஸெயிடம் இருந்தது. அலமாரியிலிருந்து இடது உறையை எடுத்து வந்தார், தூசியை ஊதினார், இடது இடுப்பில் மாட்டி, துப்பாக்கியைச் செருகினார். உட்கார்ந்தார். எழுந்தார். உருவினார். ஒன்றும் ஆகவில்லை. மேகசின் அப்படியே இருந்தது.

முஷ்தாக் சார் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. “சாரி மேடம், ஷி இஸ் நியூ” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அழுகையோடு வந்த கோபத்தில்தான் குரல் ஏறியது. நாற்காலியில் அல்ல மேடம், காரில். காரில் உட்கார்ந்து பக்கவாட்டில் சாய்வதுபோல. வெளியிலிருந்து அழுத்தம் வரவேண்டும்.

இல்ஸெ உறையில் துப்பாக்கியை வைத்து உட்கார்ந்து, நாற்காலிக் கையின்மேல் இடப்பக்கமாகச் சாய்ந்தார், ஒரு காரின் கதவில் சாய்வதுபோல. எழுந்து நின்றார். உருவினார்.

டிபன் டப்பாவின் மூடி விழுந்ததுபோல ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். இல்ஸெ திரையிலிருந்து குனிந்து மறைந்து, மேகசினைக் கையில் பிடித்தபடி மேலே வந்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீங்கள் இதை எதை வைத்துச் சோதித்தீர்கள் என்று கேட்டார்.

கிருபாகரன் அண்ணன் வெள்ளை டம்மியைத் தூக்கிக் காட்டினார்.

இல்ஸெ திரைக்கு மிக அருகில் வந்தார். இது என்ன துப்பாக்கி என்றார். இடதுகைத் துப்பாக்கி என்று முஷ்தாக் சார் சொன்னார். இந்த ஆர்டரில் அப்படி ஒன்று கிடையாது என்றார் இல்ஸெ. எங்களிடம் ஒரே துப்பாக்கிதான். எந்தக் கையாக இருந்தாலும் எல்லோருக்கும் அதேதான்.

பிறகு என் பெயரைக் கேட்டார். சொன்னேன். அவரால் சொல்ல முடியவில்லை, எழுதிக்கொண்டார்.

வீட்டில் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். காரையும் கதவையும் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. “எல்லார் எதிர்லயும் எந்தக் கையால எடுத்துக் காட்டின?” என்று கேட்டாள்.

“உறை இடதுக்குத்தானேம்மா.”

அவள் குழம்பை ஊற்றினாள். நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது காயம் எதுவும் இல்லாமலே என் இடது கையில் துணி சுற்றிக் கட்டு போட்டு அனுப்புவாள். கேட்டால் நெருப்பு சுட்டுவிட்டது என்று சொல்லச் சொல்வாள். ஒரு வருஷம் முழுக்க அந்தக் கட்டு இருந்தது. அதில் பிறர்முன் எழுதும் கை மாறிவிட்டது. வேறு எதுவும் மாறவில்லை.


பிப்ரவரி 21, வெள்ளி

கன்டெய்னரில் வலது உறைகள் மட்டும் போயின. இடது உறைகளின் வெளிப்பக்கத் தோலைப் பிரித்து, குழிவு அழுத்தி, மறுபடி தைக்கவேண்டும்.

முஷ்தாக் சார் லைன் நடுவிலேயே நிறுத்திக் கேட்டார். “இப்படி பயர் எதிர்ல துணிய உருவுற மாதிரி பண்ணலாமாம்மா? உள்ள சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேன் சார். பதிமூணாந் தேதி சொன்னேன்.”

“இன்னா சொன்ன? காதுக்குள்ள எறும்பு பேசுற மாதிரி எதோ சொன்ன. நேத்து பேசுனியே, அந்த மாதிரி பேசுனியா?”

அதற்குப் பதில் படி இறங்கிய பிறகும் வரவில்லை. நான் சத்தமாகச் சொல்லவில்லை என்பது உண்மை. சத்தமாகச் சொன்னால்தான் உண்மை ஆகுமா என்று கேட்டிருக்கலாம். அது பதில் இல்லை, கோபம்.

கிருபாகரன் அண்ணன் சாயங்காலம் வெள்ளை டம்மியை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். “வச்சிக்கோ. பேப்பர் மேல வைக்க ஆவும்” என்றார். கொஞ்சம் நின்றார். “ஏந்தாயி, அவ்ளோ பெரிய நாட்டுக்காரன். லெப்ட்டு கைக்காரனுக்குன்னு ஒண்ணு செஞ்சு குடுக்கமாட்டானா? நம்மளவிட கஞ்சனா கீறானே.”

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். மூன்று வாரத்தில் இந்த ஃபேக்டரியில் நான் சிரித்த சிரிப்பு அது ஒன்றுதான்.


பிப்ரவரி 28, வெள்ளி

ஹெச்.ஆரில் கூப்பிட்டார்கள். ப்ரொபேஷன் மேலும் மூன்று மாதம். காரணம்: நிறுவனத்தின் தகவல் தொடர்பு முறையைப் பின்பற்றவில்லை. வாசித்துக் காட்டிய பெண் என்னைவிட ஒரு வயது பெரியவளாக இருப்பாள். அவளுக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. “மனசுல வச்சுக்காதீங்க, ரொட்டீன்தான்” என்றாள்.

அம்மா கேட்டுவிட்டு, “மூணு மாசந்தானே” என்றாள். மறுநாளைக்கு வேண்டிய சேலையை மடித்துவைத்தாள். மடிப்பு ஒன்று தப்பியது. விளக்கருகே கொண்டுபோய் மறுபடி மடித்தாள்.

மேகசின் விழுந்த சத்தம் ஞாபகத்தில் இருக்கிறது. அது இல்லாமல் இன்று வேலை நிரந்தரமான பேப்பர் கையில் இருந்திருந்தால் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். யோசிக்காமல் இருந்ததாக எழுத மனம் வரவில்லை.


மார்ச் 3, திங்கள்

துப்பாக்கி வந்துவிட்டது. கஸ்டம்ஸ் டேப் பெட்டி முழுக்கச் சுற்றியிருக்கிறது. பிரிக்க அரை மணி ஆயிற்று. பட்டனை அழுத்தினால் மேகசின் நிஜமாகவே விழுகிறது. ஏஜென்ட் அதை என்னவென்று சொல்லி வெளியே எடுத்தார் என்று கேட்டேன். “அலங்காரப் பொருள்” என்றார் டெஸ்பாட்ச் ஆள்.

திருத்திய இடது உறைகளை அதை வைத்துச் சோதிக்கவேண்டும். இல்ஸெயிடமிருந்து மெயில் வந்திருக்கிறது: இனி இடது உறையை இடது கைக்காரர் ஒருவர்தான் சோதிக்கவேண்டும், அங்கே அப்படி யார் இருக்கிறார்கள், பெயர் அனுப்புங்கள்.

முஷ்தாக் சார் லைன் நடுவில் நின்று கை தட்டினார். மிஷின்கள் நின்றன. “இங்க யாராவது லெப்ட்டு ஹேண்டு கீறீங்களா?”

நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். இன்னொருத்தி கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். “நம்மூர்ல ஏது சார்?” என்று யாரோ சொன்னார்கள். தில்ஷாத் அக்கா என்னைப் பார்க்காமல் என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையைத் தூக்கினேன்.

“நீயா?” என்றார் முஷ்தாக் சார். “நீ ரைட்லதானே எழுதுற? நான் பாத்திருக்கேன்.”

“இங்க எழுதுறது ரைட்ல சார்.”

அவர் என் பெயரைத் தானே எழுதிக்கொண்டு போனார். ப்ரொபேஷனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மிஷின்கள் ஓடத் தொடங்கின.

முதல் உறையை இடுப்பில் மாட்டினேன். துப்பாக்கியைச் செருகி, ஸ்டூலில் உட்கார்ந்து, மேசைக் காலில் பலமாகச் சாய்ந்தேன். எழுந்தேன். உருவினேன். மேகசின் அதன் இடத்தில் இருந்தது. மறுபடியும் செய்தேன். மறுபடியும் இருந்தது.

வலப்பக்கம் இருந்த மை டப்பாவை இடப்பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு முத்திரையைக் குத்தினேன்.

தில்ஷாத் அக்கா உறையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். “இன்னாடி இது, ஏழாம் நம்பரு குடிய உட்டுடுச்சா?”

நேராக விழுந்திருந்தது. அடுத்த உறையை எடுத்தேன்.